அருள்நேசன் எதிர் அமைச்சர்

சவுத்தாலில் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இறக்கி விற்கிற றோஸ்மலரைத் தெரியாத தமிழ்க் கடைக்காரர் லண்டனில் இருந்தால், அவர் எண்ணெய் விற்காதவராகத்தான் இருக்க வேண்டும். வாய் என்றால் அப்படி ஒரு வாய். போத்தலில் கசிவு என்று பொய் சொல்லிச் சரக்கைத் திருப்பி அனுப்பப் பார்த்த கடைக்காரர் ஒருவரை, சனிக்கிழமைச் சனத்துக்கு நடுவில் நிறுத்திக் கிழிகிழியென்று கிழித்தவள். அந்த மனிதர் இன்றுவரை அவளைக் கண்டால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிறார்.

ஆனால் கவுன்சிலில் இருந்து யாராவது வந்து குப்பைத் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்த வாய் அடைத்துப் போய்விடும். “யெஸ் சேர், யெஸ் சேர்” என்பதைத் தவிர வேறு சொல் வராது. வந்தவர் பெண்ணாக இருந்தாலும் சேர்தான். வியாபாரத்தைக் கம்பெனியாகப் பதியச் சொல்லிக் கணக்காளர் தலைபாடாக அடித்துக்கொண்டும் அவள் பதியவில்லை. பதிந்தால் பெயர் அரசாங்கத்திடம் போய்விடுமாம். தாயும் மகன் கிருசாந்தனும் வெறும் பங்குதாரர்களாகவே நடத்தி வந்தார்கள்.

அப்படிப்பட்டவள் இந்த நாட்டு அமைச்சர் ஒருவருக்கு எதிராக வழக்குப் போட்டாள் என்றால் நம்புவீர்களா? போட்டாள். ஆசைப்பட்டுப் போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் கப்பல் போகிற வழிகளில் சண்டை மூண்டிருந்தது. வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருப்பது நாட்டுக்கு ஆபத்து என்று ஓர் அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றிச் சொன்னார். சொன்னதோடு நின்றிருக்கலாம். ஆபத்துக் காலத்தில் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஒரு பழைய சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, பாராளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்காமல், வெளியில் இருந்து வரும் எண்ணெய்க்கு லீட்டர் கணக்கில் கட்டணம் என்று ஓர் ஆணை போட்டுவிட்டார். பெற்றோலுக்கு மட்டும் என்றால் றோஸ்மலர் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். ஆணையை எழுதிய புண்ணியவான் ‘எல்லா எண்ணெயும்’ என்று எழுதி வைத்திருந்தான். தலையில் பூசுகிற தேங்காயெண்ணெயால் இங்கிலாந்தின் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து என்று கேட்க ஆளில்லை. றோஸ்மலரின் கொள்கலனைத் துறைமுகத்தில் மறித்தார்கள். அவர்கள் கேட்ட காசை அவள் கட்டி, “தேங்க் யூ சேர்” என்றும் சொல்லிவிட்டு, சரக்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிங்ஸ்பரியில் பரமேஸ்வரனின் கடைக்கு மேலே உள்ள அறையில் வியாபாரிகள் கூடினார்கள். பரமேஸ்வரன் அவர்கள் சங்கத்துத் தலைவர். பொங்கல் விழாவில் பொன்னாடை வாங்குவதில் அவரை விஞ்ச ஆளில்லை. அன்று அவர் மேசையில் குத்திக் குத்திப் பேசினார்.

“நாங்கள் என்ன மாடுகளே, அடிக்க அடிக்கச் சும்மா நிக்க? கோட்டுக்குப் போவம்! என்ன நடந்தாலும் பாப்பம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். வந்திருந்த இளம் வழக்கறிஞர் தக்ஷிகா, லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தனக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினாள்.

“டேஞ்சர் எண்டா மினிஸ்டர் இம்போர்ட்டை ஸ்டொப் பண்ணலாம் அங்கிள். இவ்வளவுதான் கொண்டு வரலாம் எண்டும் சொல்லலாம். ஆனா காசு கேக்கிறதுக்கு அவருக்குப் பவர் இல்ல. அது பார்லிமென்ட்டுக்கு மட்டும்தான். கிங் கூட பார்லிமென்ட்டைக் கேக்காமல் காசு எடுக்க ஏலாது எண்டு முந்நூறு வருஷத்துக்கு முன்னமே லோ இருக்கு. இப்ப எனக்கு ஒரு ஆளின்ர பேர் வேணும். இந்த ஃபீயைக் கட்டின ஒரு ஆள்.”

கைதட்டல் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒருவருக்கு நெஞ்சு வலி மாத்திரை போடுகிற நேரம் வந்துவிட்டது. ஒருவர் வானை ரோட்டில் பிழையாக நிறுத்திவிட்டு வந்தாராம். பரமேஸ்வரனுக்கோ மதுபான லைசென்ஸ் புதுப்பிக்கிற காலம். “எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, சங்கத்துக்குத்தான் பிரச்சினை வரும்” என்று அவர் சீலிங்கைப் பார்த்தார். அட, மேசையில் குத்திய கை எங்கே போனது!

அப்போதுதான் பின்வரிசையில் இருந்து கிருசாந்தன் எழுந்தான். இருபத்தைந்து வயது. தாயோடு வானில் வந்தவன்.

“நான் போடுறன். நானும் பாட்னர்தானே.”

றோஸ்மலர் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். அவனுடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது அரசாங்கத்தின் ஹோம் ஒஃபிசில் இருந்தது. அவள் எப்போதோ பிரஜையாகிவிட்டாள். அவனுக்குத்தான், பத்தொன்பது வயதில் வேகமாகக் கார் ஓட்டிப் பிடிபட்டதால், இழுத்தடித்துக்கொண்டு வந்தது. அவன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவதைப் பார்த்தாள். கதிரைகளை இடித்துக்கொண்டு போய் அதைப் பறித்தாள். ஒரு சொல்லும் வாசிக்காமல், தக்ஷிகா காட்டிய இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

“இவன் ஒண்டும் போடேல்லை. எல்லாரும் பாத்தனீங்கள்தானே? இவன் ஒண்டும் போடேல்லை” என்றாள்.

சபை மறுபடியும் கை தட்டியது. வீராங்கனை என்றார் பரமேஸ்வரன். அவளுக்கு அது காதில் விழவில்லை. கீழே இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஏன் இப்படிப் பயந்தாள் என்று சொல்ல வேண்டும். றோஸ்மலர் மன்னார்ப் பக்கம் பேசாலையைச் சேர்ந்தவள். கணவன் அருள்நேசன் கடற்தொழிலாளி. யுத்தம் கடைசித் தடவையாக மூண்ட காலத்தில், மீனுக்கு ஐஸ் எடுக்கப் போனவனை நம்பர் தகடு இல்லாத வானில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கிருசாந்தன் அப்போது ஏழு வயதுப் பிள்ளை.

அருள்நேசனின் தம்பி நிர்மலன் படித்த பொடியன். “அண்ணி, சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. ஆட்கொணர்வு மனுப் போடுவம். கோட்டில போட்டால் ஒண்டும் செய்யாங்கள்” என்றான். அவள் நம்பினாள். பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள். அரசாங்கத்துக்கு எதிராக அருள்நேசன் என்ற பெயரில் ஒரு வழக்கு பதிவானது. நிர்மலன்தான் அவளை மோட்டார் சைக்கிளில் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தான். வழக்கின் மூன்றாவது தவணைக்கு முன் அவனையும் காணவில்லை.

பிறகு தெரியாத ஒருவன் வாசல் படலையில் வந்து நின்று சொன்னான். வழக்கைத் திருப்பி எடு, கொழுந்தனை விடுவார்கள். அவள் ஓடிப்போய்த் திருப்பி எடுத்தாள். விடவில்லை. மாமியார் சாகும்வரை அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “நீ ஏன் பேர் குடுத்தனி?” பிள்ளையையும் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தாள். எண்ணெய்க் கடையில் போத்தல் துடைத்து, பிறகு அந்த வியாபாரத்தையே எடுத்து நடத்தி, ஆளாகினாள். ஆனால் பெயர் கொடுத்தால் ஆள் போகும் என்பது அவளுக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது. அதை எந்த வழக்கறிஞரால் கழுவ ஏலும், சொல்லுங்கள்?

வழக்குப் பதிவான செய்தியைத் தக்ஷிகா மகிழ்ச்சியோடு போனில் சொன்னாள்.

“கேஸ் பேர் என்ன தெரியுமா அன்ரி? அருள்நேசன். உங்கட சேர்நேம்தானே அதுக்கு வரும்.”

றோஸ்மலர் போனைப் பிடித்தபடியே நின்றாள். இந்த நாட்டு வழக்கப்படி கணவனின் பெயர்தான் அவளுக்கும் குடும்பப் பெயர், மகனுக்கும் அதே. தன் பெயரைக் கொடுத்து மகனைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தாளே! ஹோம் ஒஃபிசில் கிடக்கிற விண்ணப்பத்திலும் அருள்நேசன். அமைச்சருக்கு எதிரான வழக்கிலும் அருள்நேசன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? மருதமடு மாதாவே, நான் என்ன வேலை செய்துபோட்டன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் செய்த வேலையை மன்னாரில் அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் மட்டும்தான் செய்வார்கள். மகனை வீட்டில் படுக்க விடவில்லை. ஊரில் அப்படித்தான். இராணுவத்தின் சுற்றிவளைப்பு வரும் என்ற கதை அடிபட்டால் இளம் பொடியங்கள் ஒரே வீட்டில் தொடர்ந்து படுக்க மாட்டார்கள். எட்மண்டனில் இருக்கிற தன் தங்கை கிளறிற்றா வீட்டுக்கு அவனை அனுப்பினாள்.

“அம்மா, இது லண்டன். உனக்கு விசரா?” என்று கத்தினான் அவன்.

“நிர்மலன் சித்தப்பாவும் உப்பிடித்தான் சொன்னவர். கோட்டில போட்டால் ஒண்டும் செய்யாங்கள் எண்டு. போடா மகன். அம்மாவுக்காகப் போ.”

தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் உடுப்பை எடுத்துக்கொண்டு போனான். அங்கேயும் அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் கிளறிற்றா வீட்டில் இருந்து அவனுடைய சிநேகிதன் டிலுக்சன் வீட்டுக்கு மாற்றினாள். தெருவில் கண்ணாடி கறுத்த வான் நின்றால் நம்பரை எழுதி வைத்தாள். அது எதிர்வீட்டுக்குக் கம்பளம் விரிக்க வந்த வான். இரண்டாவது தடவையும் அதே வான் வந்தபோது அவள் பின்கதவால் இறங்கிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் போய் நின்றாள். சிரிக்காதீர்கள். அவள் வயிற்றில் கரைந்த புளி உங்கள் வயிற்றில் கரைந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஹோம் ஒஃபிசில் இருந்து கிருசாந்தனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்னும் ஒரு ஆவணம் அனுப்பவும் என்று. எல்லோருக்கும் வருகிற மின்னஞ்சல்தான். அவளிடம் யார் அதைச் சொல்வது?

“தொடங்கிட்டாங்கள்” என்றாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலையில் தக்ஷிகாவின் அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

“பிள்ளை, வழக்கைத் திருப்பி எடு. எனக்கு ஒண்டும் வேண்டாம். அந்தக் காசை அந்த மினிஸ்டரே வச்சுக்கொள்ளட்டும்.”

தக்ஷிகாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் நல்ல பிள்ளை, வற்புறுத்தவில்லை.

“ஓகே அன்ரி. இது உங்கட கேஸ். நீங்க ஸ்டொப் எண்டா ஸ்டொப். இதில சைன் பண்ணினா முடிஞ்சுது. ஆனா உங்கட மகனுக்கு ஒண்டும் நடக்காது. கேஸ் போட்ட ஆக்களை இங்க ஒண்டும் செய்ய மாட்டினம்.”

றோஸ்மலர் பேனாவைக் கையில் எடுத்தாள். குனிந்தாள். அந்தப் படலையில் வந்து நின்றவனின் குரல் அவளுக்குக் கேட்டது. திருப்பி எடு, விடுவார்கள். அவள் அன்று எடுத்தாளே! மூச்சு வாங்க ஓடிப்போய் எடுத்தாளே! பெயர் கொடுத்தும் நிர்மலன் போனான், பெயரைத் திருப்பி வாங்கியும் போனான். எந்தப் பக்கம் போனால் பிள்ளை மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதாள். தக்ஷிகா எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்று ஒன்றிலும் கையெழுத்து வைக்கவில்லை. வழக்கு அது பாட்டில் நடந்தது.

விசாரணை நாளில் ஸ்ட்ராண்டில் உள்ள உயர்நீதிமன்றத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை என்று தக்ஷிகா சொன்னாள். அதெப்படி, அரசாங்கம் கூப்பிட்ட நாளில் போகாமல் இருக்க முடியுமா? மஞ்சள் கரைச் சேலை உடுத்துக்கொண்டு போனாள். மகனை வராதே என்று கெஞ்சிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. வாசலில் பையை இயந்திரத்துக்குள் விட்டுச் சோதித்தபோதே அவள் திரும்பிப் போய்விடப் பார்த்தாள். உள்ளே சுவரில் இருந்த திரையில் அன்றைய வழக்குகளின் பெயர்கள் ஓடின. அருள்நேசனின் பெயர் வந்தபோது மகன் படம் எடுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“அதுக்கு முன்னால என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

“கிங் எண்டு அன்ரி” என்றாள் தக்ஷிகா. “இந்த மாதிரிக் கேஸில கிங்தான் கேள்வி கேக்கிறார், நீங்க கேட்டதால. அவரின்ர மினிஸ்டரை அவரே கேக்கிற மாதிரி.”

றோஸ்மலர் திரையைவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். இதுவரை அமைச்சரோடு மட்டும்தான் பகை என்று நினைத்திருந்தாள். இப்போது அரசரையும் இழுத்து வைத்திருக்கிறாள்.

நீதிபதி வயதான மனிதர், தாழ்ந்த குரல். அமைச்சின் தரப்பில் பெரிய வழக்கறிஞர் எழுந்து, இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் என்றால் எந்த வழியிலும் கட்டுப்படுத்தலாம், கட்டணமும் ஒரு வழிதானே என்று விரிவாகப் பேசினார். நீதிபதி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அப்படியென்றால் இந்தக் கட்டணத்தால் இறக்குமதி எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். வழக்கறிஞர் கடதாசிகளைப் புரட்டினார். குறையவில்லை, வருமானம் சேர்ந்திருக்கிறது என்று கடைசியில் சொல்ல வேண்டி வந்தது. “அப்போது இதற்குப் பெயர் வரி இல்லையா?” என்றார் நீதிபதி.

மகன் ஒவ்வொன்றையும் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றத் தாய்மாருக்கு அந்தக் கேள்வி இனித்திருக்கும். இவளுக்கு நீதிபதியை நினைத்தும் பயம் வந்துவிட்டது. ஐயோ, இந்த மனிதர் ஏன் இப்படி வெளிப்படையாகக் கேட்கிறார்? இவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்களே? மன்னாரில் இப்படிக் கேள்வி கேட்ட நீதவானை அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அவசர வழக்கு என்பதால் மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பையும் சொல்லிவிட்டார். காரணங்கள் எழுத்தில் பிறகு வரும். கட்டுப்படுத்தும் அதிகாரம் வேறு, காசு திரட்டும் அதிகாரம் வேறு. பாராளுமன்றம் தெளிவான சொல்லில் கொடுக்காமல் எந்த அமைச்சரும் எவரிடமும் கட்டணம் அறவிட முடியாது, ஆபத்துக் காலமானாலும் சரி. ஆணை செல்லாது.

“அம்மா, வெண்டுட்டம்!” என்றான் கிருசாந்தன். தக்ஷிகா அவளைக் கட்டிப்பிடித்தாள். றோஸ்மலர் மகனின் சேர்ட்டை இறுகப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான். பெரிய ஆட்களை வென்றுவிட்டு அவர்களுக்கு முன்னால் நிற்கிறதைப்போல ஆபத்து உண்டா?

கூடத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை. அமைச்சின் வழக்கறிஞர் பின்னால் வேகமாக வந்தார். நெடிய மனிதர், கறுப்பு அங்கி. தோற்றாலும் மரியாதை தெரிந்தவர். றோஸ்மலருக்கு முன்னால் வந்து நின்று, சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார்.

அரசாங்கத்து ஆள் கையை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஊரில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பழக்கியிருந்தார்கள். அவள் கை தானாகவே பைக்குள் போனது. தன் பிரித்தானியக் கடவுச்சீட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மகனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி மறைத்தாள். அவள் வாயில் இருந்து வந்தது தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. சிங்களம். கையெழுத்து வைத்தது நான் ஐயா, இவன் ஒன்றும் செய்யவில்லை, இவனை விட்டுவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வழக்கறிஞர் கையில் கடவுச்சீட்டோடு திகைத்து நின்றார். என்ன சொல்கிறார் என்று தக்ஷிகாவைப் பார்த்தார். அவளுக்கும் விளங்கவில்லை. கிருசாந்தனுக்கு விளங்கியது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சாவடிகளைக் கடந்த பிள்ளை அவன்.

அவர் கடவுச்சீட்டைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கவில்லை, அசையவும் இல்லை.

“சேர், போகலாம் எண்டு சொல்லுங்கோ” என்று கிருசாந்தன் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னான். “நீங்கள் சொல்லாமல் அவ போக மாட்டா.”

அந்த மனிதர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. கடவுச்சீட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, “நீங்கள் போகலாம், மேடம்” என்றார்.

றோஸ்மலர் அதை வாங்கிக்கொண்டாள். மகனின் கையைப் பிடித்தாள். அமைச்சரை வென்றவள் வாசலை நோக்கி மெதுவாக, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மகன் கொஞ்சம் வேகமாக நடக்கப் பார்த்தபோது கையை அழுத்தி நிறுத்தினாள்.

“ஓடாத மகன்” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஓடினால் சுடுவாங்கள்.”